உறுதியில் எழுதாத கதிரை

(வடமேற்கு லண்டனில் ஞாயிறு மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இங்கிலாந்தில் ஆண்டுதோறும் ஏப்பிரல் 16ஆம் திகதி, ஆரம்பப் பாடசாலையில் எந்தப் பிள்ளைக்கு எங்கே இடம் என்று அறிவிக்கிறார்கள். இடைநிலைப் பாடசாலைக்கு அந்த நாள் மார்ச் 1. லண்டனில் மின்னஞ்சல் வந்துசேர மாலையாகிவிடும். அன்று பகல் முழுவதும் வேலையிடத்தில் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த நினைவு இந்த மண்டபத்தில் பாதிப்பேருக்காவது இருக்கும். மற்றப் பாதிப்பேருக்கு அந்தப் பதற்றம் இருந்திருக்காது. அவர்கள் வீடு வாங்கும்போதே அந்தக் கவலையைத் தீர்த்துக்கொண்டவர்கள். இன்றைக்கு அவர்கள் கொடுத்த விலையைப் பற்றியும், அந்த விலையைக் கொடுக்க முடியாதவர்களைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

நான் இருபத்தாறு வருடம் இந்த நகரத்தின் அரச பாடசாலைகளில் கணிதம் படிப்பித்தவன். ஓய்வுபெற்ற பின் சேர்க்கை மேன்முறையீட்டுக் குழுக்களில் சம்பளமில்லாத உறுப்பினராக இருந்தேன். கேட்ட பாடசாலையில் இடம் கிடைக்காத பெற்றோர் மேன்முறையீடு செய்யலாம். குறைந்தது மூன்று பேர் கொண்ட சுயாதீனக் குழு அதை விசாரிக்கும். அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. ஆகவே இப்போது சொல்லப்போகும் சம்பவத்தில் ஆளையும் ஊரையும் எண்களையும் மாற்றியிருக்கிறேன். நடந்தது மட்டும் நடந்ததுதான்.

ஒரு தாய். கடைக்கு மேலே இரண்டறை வாடகை வீடு. பிள்ளைக்கு நாலு வயது. வீட்டிலிருந்து பாடசாலைக்கு நேர்கோட்டில் 612 மீற்றர். அந்த வருடம் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீடு 598 மீற்றரில். அவர் ஒரு வரைபடத்தை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பூங்காவுக்குள்ளால் நடந்துபோன பாதையைச் சிவப்புப் பேனையால் கீறியிருந்தார். “ஒன்பது நிமிடம்தான் எடுக்குது. மழையிலையும் நடந்து பார்த்தனான்” என்பதை அவருடைய மொழியில் சொன்னார். கவுன்சிலின் பிரதிநிதி மரியாதையாகவே விளக்கினார்: அளப்பது கணினி, வீட்டு முகவரிக்கு ஒரு புள்ளி, பாடசாலை வாசலுக்கு ஒரு புள்ளி, இரண்டுக்கும் நடுவே ஒரு நேர்கோடு. நடக்கும் பாதை அந்தக் கணக்கில் வராது.

எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தக் கல்வியாண்டில் ஐந்து முதல் ஏழு வயதை எட்டும் பிள்ளைகளின் வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த வரம்பு. நல்ல வரம்பு, ஆசிரியனாக இருந்தவன் என்ற முறையில் அதை மனதார ஆதரிக்கிறேன். ஆனால் முப்பத்தோராவது பிள்ளையை எடு என்று நாங்கள் சொல்ல வேண்டுமானால், விதியை நடைமுறைப்படுத்தியதில் பிழை இருக்க வேண்டும், அல்லது எந்த நியாயவானும் எடுக்காத முடிவாக அது இருக்க வேண்டும். இரண்டும் அங்கே இல்லை. தாய் வரைபடத்தை நாலாக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார், கைப்பைக்குள் வைத்தார், நன்றி சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. பழைய கணக்குகளை எடுத்துப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன் அதே பாடசாலையில் கடைசி இடம் கிடைத்த தூரம் ஒரு கிலோமீற்றருக்குக் கிட்ட இருந்தது. இடையில் பரிசோதகர்கள் வந்து ‘மிகச் சிறந்தது’ என்ற தரத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றியுள்ள நாலைந்து தெருக்களில் விற்பனைக்கு வந்த வீடுகளையெல்லாம் சின்னப் பிள்ளைகளோடு வந்தவர்கள் வாங்கியிருந்தார்கள். வட்டம் சுருங்கிவிட்டது. அந்தத் தாய் எங்கும் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தார். வட்டத்தின் விளிம்புதான் அவருடைய வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டது.

நாங்கள் பேச்சில் ‘கேட்ச்மென்ட்’ என்ற ஒரே சொல்லால் சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது. சில ஊர்களில் கவுன்சில் வரைபடத்தில் கோடு கீறி, இந்தத் தெருக்கள் இந்தப் பாடசாலைக்கு என்று முன்னரே வைத்திருக்கும். லண்டனின் பெரும்பாலான பாடசாலைகளில் அப்படிக் கோடு கிடையாது. கவுன்சிலின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளுக்கு முதலிடம். பிறகு வழக்கமாக, அங்கே ஏற்கனவே படிக்கும் பிள்ளைகளின் சகோதரர்கள். மிஞ்சிய இடமெல்லாம் தூரத்தின்படி. தம்பி தங்கைமார் நிறைய வரும் வருடத்தில் வட்டம் சுருங்கும். குறைந்த வருடத்தில் விரியும். வீட்டுத் தரகர் காட்டும் வட்டம் போன வருடத்து வட்டம். வாங்குபவர் காசு கொடுப்பதோ இன்னும் வராத வருடத்து வட்டத்துக்கு. வீட்டின் உறுதியில் சுவரும் வேலியும் பின்வளவும் இருக்கும். பிள்ளையின் கதிரை அதில் எழுதியிருக்காது.

எனக்குத் தம்பி முறையான ஒருவர் வீடு பார்க்கும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் நின்று கைபேசியில் வரைபடத்தை விரித்துக் காட்டினார்.

“அண்ணை, இந்த வீட்டை விட்டா இந்த ரோட்டிலை இனி எப்ப வருமோ தெரியாது. வட்டத்துக்குள்ளைதான் நிக்குது, பாருங்கோ.”

உள்ளேதான் நின்றது, ஆனால் விளிம்பில். பெரிய தெருவுக்கு அந்தப் பக்கம் அதே காலத்தில் கட்டிய, அதே மூன்றறை வீடு 40,000 பவுண் குறைவாகக் கிடைத்தது.

“தம்பி, அந்த நாப்பதுக்கு மாதம் எவ்வளவு கட்டப்போறாய் எண்டு பாத்தனியோ?”

“பாத்தனான் அண்ணை. ரண்டு பிள்ளையளுக்கும் ரியூசனுக்குக் குடுக்கிறதிலும் குறைவு எண்டு இவ சொல்லுறா. பிறகு விக்கேக்கை அந்தக் காசு திரும்பி வந்திடும்தானே?”

அந்த இடத்திலேயே கணக்குப் போட்டோம். 5 சதவீத வட்டிக்கு, 30 வருடக் கடனில், 40,000 பவுணுக்கு மாதம் ஏறத்தாழ 215 பவுண். கடன் முடியும்போது கட்டியது 77,000 பவுணைத் தாண்டியிருக்கும். ஆனால் அவர் கடைசியாகச் சொன்ன வசனம்தான் என்னை நாட்கணக்காக யோசிக்க வைத்தது. அவர் சொன்னது சரி. பாடசாலையின் பெயர் கெடாதவரை அந்த நாற்பதாயிரம் சுவருக்குள் பத்திரமாக இருக்கும். அவருக்கு அது வைப்புப் பணம். அதே தெருவில் வாடகைக்கு இருப்பவரும் அதே பாடசாலைக்காக மாதாமாதம் கூடுதலாகக் கொடுக்கிறார். ஒரு பென்னியும் அவருக்குத் திரும்பி வராது. அரச பாடசாலை இரண்டு பிள்ளைகளுக்கும் இலவசம் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஒருவர் கட்டணத்தைச் சேமிப்பாகக் கட்டுகிறார், மற்றவர் செலவாகக் கட்டுகிறார், மூன்றாமவர் கட்ட முடியாமல் 612 மீற்றரில் நிற்கிறார்.

பாடசாலையால்தான் வீட்டு விலை ஏறுகிறது என்று எப்படித் தெரியும் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நல்ல பாடசாலை இருக்கும் இடத்தில் நல்ல பூங்காவும், பெரிய வீடும், அமைதியான தெருவும் இருக்கும். விலை எதற்கு? இதற்கு ஒரு கெட்டிக்கார வழியைச் சாண்ட்ரா பிளாக் என்ற பொருளியலாளர் 1999இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். அமெரிக்காவின் பொஸ்டன் நகரைச் சுற்றிய புறநகர்களில் பாடசாலை எல்லைக் கோட்டுக்கு இப்பக்கமும் அப்பக்கமும் கூப்பிடு தூரத்துக்குள் இருந்த வீடுகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டார். தெரு ஒன்று, பூங்கா ஒன்று, கடை ஒன்று. பாடசாலை மட்டும் வேறு. பரீட்சைப் புள்ளி 5 சதவீதம் கூடினால் பெற்றோர் வீட்டுக்கு 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்று கண்டார். சாதாரண முறையில் கணக்கிட்டால் வருவதில் அது ஏறத்தாழப் பாதிதான். அதாவது, நாங்கள் பாடசாலையின் பெயரில் எழுதும் விலையில் பாதி அயலின் விலை. மறுபாதி உண்மையிலேயே பாடசாலையின் விலை.

இங்கிலாந்துக்கு வருவோம். கல்வித் திணைக்களமே 2017இல் கணக்குப் பார்த்தது. பெறுபேற்றில் முதல் பத்து சதவீதத்துக்குள் வரும் ஆரம்பப் பாடசாலைகளுக்குக் கிட்டவுள்ள வீடுகள் சுற்றுவட்டாரத்தை விட 8 சதவீதம் விலை கூட. ஏறத்தாழ 18,600 பவுண். தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்காத இடைநிலைப் பாடசாலைகளில் அந்த முதல் பத்து சதவீதத்துக்கு 6.8 சதவீதம். இது முழு நாட்டுக்கும் சராசரி. லண்டன் விலைக்கு அதே சதவீதம் எத்தனை பவுணாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

லண்டன் பொருளியல் கல்லூரியில் ஸ்டீவ் கிப்பன்ஸ், ஸ்டீபன் மேஷின், ஒல்மோ சில்வா என்ற மூவர் 2013இல் வெளியிட்ட ஆய்வை நீங்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். பாடசாலையின் பெறுபேற்றை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். பிள்ளை உள்ளே வரும்போதே கொண்டுவரும் திறமை ஒன்று. பாடசாலை படிப்பித்து அதன்மேல் சேர்ப்பது மற்றது. வீடு வாங்குபவர்கள் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு விலை கொடுக்கிறார்கள் என்று தெரிந்தது. ஆசிரியரின் உழைப்புக்கு எவ்வளவோ, பக்கத்துக் கதிரையில் இருக்கப்போகும் பிள்ளைக்கும் அவ்வளவு. ஆசிரியனாக இருந்த எனக்கு இது வலித்தது. ஆனால் உண்மை என்று என் அனுபவம் சொல்கிறது. மிகக் கஷ்டமான அயலில் இருந்த ஒரு பாடசாலையில் நான் பார்த்த கணித ஆசிரியர்களைப் போல வேறெங்கும் பார்க்கவில்லை. பதினொரு வயதில் பெருக்கல் வாய்ப்பாடு தெரியாமல் வந்த பிள்ளையைப் பதினாறு வயதில் சமன்பாடு தீர்க்க வைத்து அனுப்புவார்கள். பெறுபேற்றுப் பட்டியலில் அந்தப் பாடசாலை கீழேதான் நிற்கும். அதைச் சுற்றி வீடு தேடி ஒருவரும் வருவதில்லை.

பட்டியலைப் பற்றி இன்னொன்று. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் லெக்கியும் ஹாவி கோல்ட்ஸ்டைனும் 2009இல் ஓர் எளிய கேள்வி கேட்டார்கள். இன்று பெற்றோர் பார்க்கும் பெறுபேறு, ஐந்து வருடத்துக்கு முன் சேர்ந்த பிள்ளைகளுடையது. உங்கள் பிள்ளை பரீட்சை எழுதப்போவது இன்னும் ஐந்தாறு வருடம் கழித்து. இன்றைய பட்டியல் அந்த நாளைப் பற்றி எவ்வளவு சொல்லும்? மிகக் குறைவு என்பதுதான் அவர்கள் கண்டது. பெரும்பாலான பாடசாலைகளை ஒன்றுக்கொன்று மேல் கீழ் என்று நம்பிக்கையோடு பிரிக்கவே முடியவில்லை. முப்பது வருடக் கடனை அந்தப் பட்டியலின் மேல்தான் நாங்கள் எழுப்புகிறோம்.

இந்த நிலைமை எப்படி வந்தது? சுருக்கமாகச் சொல்கிறேன். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இங்கிலாந்தின் அரச இடைநிலைப் பாடசாலைகளில் கட்டணத்தை ஒழித்தது. 1980ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோருக்கு விருப்பம் தெரிவிக்கும் உரிமையைக் கொடுத்தது; 1988ஆம் ஆண்டுச் சட்டம், இடம் இருக்கும்வரை பாடசாலை பிள்ளையை மறுக்கக்கூடாது என்றது. 1989இல் கிரீனிச் வழக்கின் தீர்ப்பு, எங்கள் நிர்வாக எல்லையான பரோவுக்குள் குடியிருப்பவருக்கே முன்னுரிமை என்று கவுன்சில் சொல்ல முடியாதபடி செய்தது. 1992இல் பெறுபேற்றுப் பட்டியல்கள் வந்தன. பாடசாலைகளைப் பரிசோதிக்கும் ஒஃப்ஸ்டெட்டும் அதே ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. ஒவ்வொன்றும் நல்ல நோக்கத்தோடு வந்தது. தெரிவு எல்லோருக்கும் கிடைத்தது, எது நல்லது என்ற தகவலும் எல்லோருக்கும் கிடைத்தது, இடம் மட்டும் கூடவில்லை. எல்லோரும் ஒரே கதவில் வந்து நின்றபோது யாரை உள்ளே விடுவது என்பதை மீற்றர் தீர்மானித்தது. மீற்றரை வீட்டுச் சந்தை விற்றது.

இங்கே ஒரு கணம் எங்கள் ஊருக்குப் போகிறேன். இலங்கையில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. இங்கிலாந்தின் சட்டத்துக்கு அடுத்த வருடம். நாங்கள் இங்கே வந்து உட்கார்ந்திருப்பதற்கு அதுதான் காரணம். அதே இலங்கையில், கொழும்பில் தரம் ஒன்றுக்குப் பிள்ளையைச் சேர்க்க அலைந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அமைச்சின் சுற்றறிக்கையில் பாதி இடங்கள் கிட்டக் குடியிருப்போருக்கு. உறுதி, வாக்காளர் இடாப்பு, மின் பட்டியல் என்று கோவை கட்டிக்கொண்டு போய்ப் புள்ளிக்காக நின்றிருப்பீர்கள். இடாப்பில் பெயர் வேண்டும் என்பதற்காகப் பிள்ளை பிறக்க முன்னமே முகவரி மாறியவர்களை எனக்குத் தெரியும். லண்டனில் வந்து கேட்ச்மென்ட் என்ற சொல்லை நாங்கள் அவ்வளவு விரைவாகப் பிடித்துக்கொண்டதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

முகவரி இவ்வளவு பெறுமதியானால், முகவரியில் பொய்யும் வரும், பொய்யைத் தேடும் ஆட்களும் வருவார்கள். 2008இல் தெற்குக் கரையில் பூல் நகரக் கவுன்சில் ஒரு குடும்பத்தைக் கிட்டத்தட்ட மூன்று கிழமை இரகசியமாகக் கண்காணித்தது. பாரதூரமான குற்றங்களுக்கு என்று மக்கள் நினைத்திருந்த 2000ஆம் ஆண்டின் புலனாய்வு அதிகாரச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையும் தாயையும் பின்தொடர்ந்தார்கள். அந்தக் குடும்பம் சொன்ன முகவரி உண்மை. 2010இல் தீர்ப்பாயம் அந்தக் கண்காணிப்பு சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது.

வட்டத்துக்கு வெளியே யார் நிற்கிறார்கள்? சட்டன் டிரஸ்ட் என்ற கல்வி அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட அறிக்கையில், பெறுபேற்றில் முதல் 500 இடங்களில் வந்த பொதுப் பாடசாலைகளில், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகள் 9.4 சதவீதம். சராசரிப் பாடசாலையில் 17.2 சதவீதம். இவை நுழைவுத் தேர்வு இல்லாத, கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டிய பாடசாலைகள். தேர்வு வைத்து எடுக்கும் 163 கிரமர் பாடசாலைகளைப் பற்றி நான் இங்கே பேசவே இல்லை. அதற்கு வேறொரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

உள் லண்டனில் இப்போது இன்னொரு கட்டம் தொடங்கியிருக்கிறது. ஹாக்னி, லாம்பெத், சதக் போன்ற பரோக்களில் ஆரம்பப் பாடசாலைகளை மூடுகிறார்கள், ஒன்றோடொன்று இணைக்கிறார்கள். பிறப்பு குறைந்தது ஒரு காரணம். சின்னப் பிள்ளையுள்ள குடும்பத்தால் அங்கே வாடகை கட்ட முடியாமற் போனதும் காரணம். அந்தப் பகுதிகளில் வட்டம் மறுபடி விரிகிறது, உள்ளே வர வேண்டிய பிள்ளைகள் ஊரை விட்டுப் போன பிறகு.

என்ன செய்யலாம்? தூரத்தை முற்றாகத் தூக்கு என்று நான் சொல்லமாட்டேன். ஐந்து வயதுப் பிள்ளை நடந்துபோகும் தூரத்தில் படிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து போக வேண்டும். பதினொரு வயதில் நிலைமை வேறு. பஸ்ஸில் போகத் தெரிந்த பிள்ளை அது. குலுக்கல் ஒரு வழி. பிரைட்டன் நகரம் 2008 செப்டெம்பர் சேர்க்கைக்கு அதைக் கொண்டுவந்தபோது நாடே பார்த்தது. ஆனால் அங்கே எல்லைக் கோடுகளை வைத்துக்கொண்டு கோட்டுக்கு உள்ளேதான் குலுக்கினார்கள். ரெபேக்கா அலன், சைமன் பேர்ஜஸ் முதலானோர் ஆராய்ந்தபோது, யாருக்கு இடம் என்பது மாறியதே தவிர, வசதியுள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் வேறு வேறு பாடசாலைகளில் பிரிந்து நிற்பது குறையவில்லை. கோட்டை யார் எங்கே கீறுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் விருப்பம் இரண்டு. இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளுக்குத் தூரத்துக்கு முன்பாக ஒரு பங்கு இடம். 2014ஆம் ஆண்டின் சேர்க்கை விதிக்கோவை இதற்குக் கதவைத் திறந்துவிட்டது. பாடசாலையோ கவுன்சிலோ, சேர்க்கையைத் தீர்மானிப்பவர் எவரும் இதைச் செய்யலாம். இரண்டாவது, இடைநிலைப் பாடசாலைகளில் ஒரு பங்கை, எல்லைக் கோடு இல்லாமல், சுயாதீனமான ஒருவர் முன்னிலையில் குலுக்கல் மூலம் கொடுப்பது. இது நடந்தால் எங்கள் வீடுகளின் விலை கொஞ்சம் இறங்கலாம். தெரிந்துதான் சொல்கிறேன். என்னுடைய வீடும் அப்படியொரு தெருவில்தான் இருக்கிறது. என் பிள்ளைகள் அந்தக் கதிரைகளில் இருந்து படித்து வளர்ந்துவிட்டார்கள். அந்தக் கூடுதல் காசு இன்னும் என் சுவரில் இருக்கிறது. அது என் உழைப்பால் வந்ததல்ல; அந்தப் பாடசாலையின் ஆசிரியர்கள் உழைத்து என் சுவரில் சேர்த்தது.

இனி நடைமுறை. சேர்க்கை விதியை மாற்ற விரும்பும் பாடசாலை அல்லது கவுன்சில் ஒக்டோபர் 1க்கும் ஜனவரி 31க்கும் இடையில் குறைந்தது ஆறு கிழமை பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். மாற்றாவிட்டாலும் ஏழு வருடத்துக்கு ஒருமுறை கேட்டே ஆக வேண்டும். பெப்ரவரி 28க்குள் விதி முடிவாகும். அதில் அநீதி இருக்கிறது என்று நினைத்தால் மே 15வரை பாடசாலைத் தீர்ப்பாளருக்கு எழுதலாம். பிள்ளை அங்கே படிக்க வேண்டும் என்றுகூட இல்லை. இடம் கிடைக்காத பிறகு கண்ணீரோடு மேன்முறையீட்டுக்கு வந்த எங்கள் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விதி எழுதும் நேரத்தில் அவர்களில் ஒருவரும் எழுதியிருக்கவில்லை. எழுதலாம் என்பதே தெரிந்திருக்கவில்லை.

அந்தப் பின்மேசையில் சில பரோக்களின் இப்போதைய சேர்க்கை விதிகளை அச்சடித்து வைத்திருக்கிறேன். தேநீர் குடிக்கும்போது எடுத்துப் பாருங்கள். உங்கள் பிள்ளை படிக்கும் பாடசாலை அதில் இருந்தால், முன்னுரிமை வரிசையை ஒருமுறை வாசியுங்கள். இலவச உணவு பெறும் பிள்ளை எத்தனையாவது இடத்தில் வருகிறது, வருகிறதா என்று பாருங்கள். கருத்து எழுத விரும்புகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுத நான் உதவி செய்கிறேன். மண்டபத்தை ஒன்பது மணிக்குத்தான் பூட்டுவார்கள். அதுவரை அந்த மேசையில் இருப்பேன்.